சத்தம் எப்ப வருது?

யாழ்ப்பாணத்தில் வான் என்று சொன்னால் பாதிப்பேருக்கு மனசில் வருவது டொல்பின்தான். ரொயோட்டா ஹையேஸில் 1989 இல் வந்த வடிவம் அது. 2004 இல் அடுத்த வடிவம் வந்ததோடு ஜப்பானில் அதை நிறுத்திவிட்டார்கள். ஆகவே இண்டைக்கு எங்கட ஒழுங்கைகளில் ஓடுகிற ஆகக் கடைசி டொல்பினுக்கும் இருபது வயது தாண்டிவிட்டது. கலியாணவீடு, செத்தவீடு, கதிர்காமம், ரியூசன், பள்ளிக்கூடம் எல்லாத்துக்கும் இன்னும் அதுதான் ஓடுது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். தனியார் வாகனங்களுக்கு அது திரும்பத் திறந்தது 2025 பெப்ரவரியில். அந்த ஐந்து வருசத்தில் பழைய வான்களின் விலை ஏறின ஏற்றத்தைப் பார்த்தவர்களுக்கு, ஏன் ஒருத்தரும் தங்கட வானை மாற்றவில்லை என்று விளங்கப்படுத்தத் தேவையில்லை. மாற்ற ஏலாததைத் திருத்தித்தான் ஓட வேணும்.

எங்கட வான் 1994. எங்கள் இரண்டு பேரையும் விட மூத்தது. நாங்கள் அக்காவும் தங்கச்சியும். ஒருத்தி கலைப்பீடத்தில் மூன்றாம் வருசம், மற்றவள் உயர்தரம் எழுதிவிட்டுப் பெறுபேற்றைப் பார்த்துக்கொண்டு இருக்கிறாள். அப்பா நெல்லியடிப் பக்கம் பள்ளிக்கூட வான் ஓடுகிறார். காலையில் 14 பிள்ளையள், பின்னேரம் 11. சனி ஞாயிறில் கிடைத்தால் ஒரு ஹயர். வீட்டுக்கு வருகிற காசு இவ்வளவுதான். பள்ளிக்கூட விடுமுறை என்றால் அதுவும் இல்லை.

போன மாரி மழை விட்ட கையோடு சத்தம் தொடங்கியது. வீதியெல்லாம் குழி. முன்பக்கத்தில், காலுக்குக் கீழ எங்கேயோ ஒரு "டொக்". ஹையேஸில் எஞ்சின் இருப்பது முன் சீற்றுகளுக்குக் கீழே. சாரதியும் பக்கத்தில் இருப்பவரும் முன் சில்லுகளுக்கு ஏறத்தாழ நேர் மேலே குந்தியிருக்கிறார்கள். அதனால் கீழே ஏதும் அடித்தால் அது காதுக்கு வர முதல் உள்ளங்காலுக்கு வந்துவிடும்.

"முப்பது வருச வான் சத்தம் போடாமல் பின்ன என்ன செய்யும்?" என்று அப்பா விட்டுவிட்டார். விடாதவர் ஒரு பிள்ளையின் அம்மா. "அண்ணை, வான் என்ன இப்பிடி அடிக்குது, பிள்ளை பயப்பிடுது" என்று இரண்டு தரம் கேட்டார். அடுத்த கிழமை அந்தப் பிள்ளை வேறு வானில் போனது. 14 என்பது 13 ஆனது. அன்றைக்குப் பின்னேரமே அப்பா வானை ரவுணில் ஒரு கராஜுக்குக் கொண்டுபோனார். அங்கே ஒருவர் முன்பக்கத்தைக் கையால் ஒருதரம் அமத்திப் பார்த்துவிட்டு, "ஷொக் ரெண்டும் போட்டுது" என்றாராம். அம்மாவின் சீட்டுக் காசு அதுக்குப் போனது. புது ஷொக் இரண்டும் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வரும்போது, ஒழுங்கை முகப்பில் இடது சில்லு குழிக்குள் விழ, அதே "டொக்".

கழற்றின பழைய ஷொக் இரண்டையும் அப்பா பின் சீற்றுக்குக் கீழே போட்டுக்கொண்டு வந்திருந்தார். எடுத்துப் பார்த்தோம். எண்ணெய் கசிந்த அடையாளம் ஒன்றும் இல்லை. தூசிதான் இருந்தது. ஷொக் அப்சோபரின் வேலை பாரத்தைத் தாங்குவது அல்ல. பாரத்தைத் தாங்குவது ஸ்பிரிங். அமத்தின ஸ்பிரிங் விட்ட பிறகும் ஆடிக்கொண்டே இருக்கும், அந்த ஆட்டத்தை அடக்கத்தான் ஷொக். வானின் ஒரு மூலையை அமத்தி விட்டால், ஒருதரம் மேலே வந்து அடங்க வேணும். இரண்டு மூன்று தரம் ஆடினால் ஷொக் பலவீனம். போன ஷொக்கோடு ஓடுகிற வான் வள்ளம் மாதிரி மிதக்கும், வளைவில் சாயும், ரயர் திட்டுத் திட்டாகத் தேயும். "டொக்" என்று அடிப்பது அதன் மேலும் கீழும் இருக்கிற றப்பர் போனால் நடக்கலாம், ஆனால் அந்த றப்பர்கள் எங்கட பழைய ஷொக்கில் நல்லாகவே இருந்தன. அதாவது, கேட்ட கேள்வி ஒன்று, மாற்றின சாமான் வேறு. இது அந்த ஒரு கராஜின் பழக்கம் மட்டும் இல்லை. சத்தம் என்று போனால் கண்ணுக்கு முன்னால் இருக்கிற பெரிய சாமானை மாற்றுவது எல்லா இடத்திலும் நடக்கிறது. மாற்றிப் பார்த்துக் கண்டுபிடிப்பதற்கு ஒருத்தர் காசு கட்ட வேணும், அந்த ஒருத்தர் மெக்கானிக் அல்ல.

எங்கட ஒழுங்கைக் கடைசியில் பூவரசுக்குக் கீழே ஒரு கராஜ் இருக்கிறது. பெயர்ப்பலகை இல்லை, வாகனத்தைத் தூக்குகிற லிஃப்ற் இல்லை, ஒரு பெரிய ஜக், மரக்குத்திகள், ஒரு ரேடியோ. அதை நடத்துகிறவரை நாங்கள் மாமா என்றுதான் கூப்பிடுவோம், சொந்தம் இல்லை. அப்பா முதலில் ஏன் அவரிடம் போகவில்லை என்பதற்குப் பின்னால் ஒரு கோயில் நிர்வாகசபைக் கதை இருக்கிறது. அது இங்கே வேண்டாம். அப்பா போகாததால் நாங்கள் போனோம்.

"மாமா, வான் முன்பக்கம் டொக் டொக் எண்டு அடிக்குது."

"என்ன சத்தம் எண்டு எனக்குச் சொல்ல வேண்டாம் பிள்ளையள். எப்ப வருது?"

எப்பவும் வருது என்றோம். எப்பவும் வாற சத்தம் எண்டு ஒண்டு இல்லை என்றார். நேராப் போகேக்கையோ, திரும்பேக்கையோ? பிறேக் பிடிக்கேக்கையோ, விடேக்கையோ? ஒரு சில்லு குழிக்க விழேக்கையோ, ரெண்டு சில்லும் ஒண்டா ஏறேக்கையோ? வெறும் வானிலையோ, பிள்ளையள் இருக்கேக்கையோ? விடிய எடுத்த உடனையோ, ஓடிச் சூடான பிறகோ? "உதுகளைப் பாத்துக்கொண்டு வாங்கோ. பிறகு ஜக் அடிப்பம்."

கலைப்பீடத்தில் படிக்கிறோம் என்றால் ஊரில் "பேந்து என்ன செய்யப்போறியள்?" என்று கேட்பார்கள். இந்த ஒரு கிழமை அதற்குப் பதில் இருந்தது. கள ஆய்வு என்றால் என்ன, குறிப்பு எப்படி எழுதுவது, ஒரே கேள்வியை ஒரே மாதிரிப் பலதரம் கேட்பது ஏன் என்று இரண்டு வருசமாகப் படிப்பித்திருக்கிறார்கள். பழைய சி.ஆர். கொப்பி ஒன்றில் கோடு கீறினோம். இடம், வேகம், எந்தச் சில்லு, பிறேக்கா இல்லையா, எத்தனை பேர், என்ன சத்தம்.

முதல் வேலை வானை வெறுமையாக்கியது. இது சின்ன விசயம் மாதிரித் தெரியும், ஆனால் பழைய வானில் வருகிற சத்தங்களில் நல்ல ஒரு பங்கு சஸ்பென்சனுக்குச் சம்பந்தமில்லாதது. ஜக், சில்லுக் கழற்றுகிற சாவி, இறுக்கம் விட்ட ஸ்பெயார் சில்லு, தளர்ந்த சீற் போல்ற், தண்டவாளத்தில் ஆடுகிற பக்கக் கதவு, றப்பர் அறுந்து தொங்குகிற சைலன்சர். இவை எல்லாம் குழியில் விழும்போது "டொக்" என்றே சொல்லும். எல்லாவற்றையும் இறக்கினோம், சைலன்சரைக் கையால் ஆட்டிப் பார்த்தோம் (எஞ்சின் ஆறின பிறகு), கதவைக் கயிற்றால் இழுத்துக் கட்டினோம். சீற்றுகளுக்குக் கீழே ஒரு சப்பாத்து, மூன்று தண்ணிப் போத்தல், யாரோ மடித்து ஒளித்து வைத்த கணிதப் பரீட்சைத் தாள் ஒன்று. புள்ளியைப் பார்த்தோம். ஒளித்ததில் நியாயம் இருந்தது.

பிறகு ஓட்டம். அப்பா ஓட, ஒருத்தி முன் சீற்றில் காலை நிலத்தில் ஊன்றிக்கொண்டு, மற்றவள் வெளியில் வானோடு பக்கத்தில் நடந்துகொண்டு. வேகம் பத்துக் கிலோமீற்றருக்கும் குறைவு. வேகமாகப் போனால் டீசல் எஞ்சின் எல்லாச் சத்தத்தையும் விழுங்கிவிடும். ஆறு நாள், ஒவ்வொரு நாளும் பின்னேரப் பிள்ளையளை இறக்கின பிறகு. வல்லை வெளியில் காப்பெற் வீதியில் ஒரு சத்தமும் இல்லை. கிரவல் ஒழுங்கையில் நிறைய. இரண்டாம் நாளே ஒரு விசயம் பிடிபட்டது. வீதியில் இருக்கிற வேகத்தடை ஒன்றில் நேராக, இரண்டு முன் சில்லும் ஒன்றாக ஏறி இறங்கினால் வான் அமைதி. அதே வேகத்தடையில் சரிவாக, ஒரு சில்லு முதலில் ஏறினால் "டொக்". பத்துத் தரம் செய்து பார்த்தோம். பத்துக்குப் பத்து. வீதியால் போன ஒரு ஐயா சைக்கிளை நிப்பாட்டி, "தம்பி, லைசென்ஸ் எடுக்கப் பழகிறியளோ?" என்று அப்பாவிடம் கேட்டுவிட்டுப் போனார்.

குறிப்பு எழுதும்போது எங்களுக்கு வந்த ஒரு பிரச்சினை, சத்தத்துக்கு என்ன பெயர் வைப்பது என்பது. தமிழில் இதுக்குப் பஞ்சம் இல்லை. டொக், டங், லொடக், கடகட, சொடசொட, கிறீச். ஒவ்வொன்றும் வேறு சாமான். றப்பர் போன இடத்தில் இரும்பு இரும்பில் அடித்தால் "டங்" என்று கூர்மையாக வரும். றப்பர் பாதி இருந்தால் "டொக்" என்று அமுங்கி வரும். இறுக்கம் விட்ட தகடு "கடகட". காய்ந்த றப்பர் "கிறீச்". இரட்டைக்கிளவியைப் பிரித்தால் பொருள் தராது என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். வான் அந்த இலக்கணத்தைப் படிக்கவில்லை. ஒற்றை "டொக்" வேறு, இரட்டை "டொக் டொக்" வேறு. குழியில் சில்லு இறங்கும்போது ஒன்று, ஏறும்போது ஒன்று என்று இரண்டு தரம் அடித்தால் ஏதோ ஒன்று இரண்டு பக்கமும் தளர்ந்து ஆடுகிறது என்று அர்த்தம். எங்களுடையது இரட்டை.

நாலாம் நாள்தான் மற்றச் சத்தம் கேட்டது. கேற்றுக்கு வெளியே வானைப் பின்னுக்கு எடுக்கும்போது, ஸ்ரியறிங் முழுக்க ஒடித்த நிலையில் அப்பா பிறேக்கைத் தொட, இடது பக்கம் "டிக்". அவ்வளவுதான். நாக்கை அண்ணத்தில் ஒட்டி எடுக்கிற மாதிரி. ரேடியோ போட்டிருந்தால் கேட்டிருக்காது.

"அப்பா, இப்ப கேட்டதோ?"

"எது?"

திரும்பவும் எடுத்தார், திரும்பவும் பிறேக். "டிக்."

"எது பிள்ளை?"

மூன்றாம் தரமும் அப்படித்தான். அப்பா இருபத்தைந்து வருசம் லொறியும் வானுமாக டீசல் எஞ்சினுக்கு மேலே இருந்து ஓடியவர். ரீவியின் சத்தத்தை ஏன் கூட்டி வைக்கிறார், ஏன் ஃபோனை எப்பவும் இடது காதில் பிடிக்கிறார் என்பதெல்லாம் எங்களுக்கு அந்தக் கேற்றடியில்தான் ஒன்றாகச் சேர்ந்து விளங்கியது. ஒருத்தரும் ஒன்றும் கதைக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவரே சொன்னார்: "சத்தம் ஒண்டும் தெரியேல்லை. ஆனா பிறேக்கை அமத்தேக்க ஸ்ரியறிங் கையில ஒரு சின்ன இடி இடிக்கும். அது கன நாளா இருக்கு." கொப்பியில் அதையும் எழுதினோம். அந்தக் கிழமை முழுக்க எழுதினதில் ஆகப் பிரயோசனமான வரி அதுதான்.

கொப்பியைக் கொண்டுபோனோம். மாமா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எல்லாப் பக்கத்தையும் வாசித்தார். வேகத்தடைக் குறிப்பில் விரலை வைத்தார். "இதிலையே விசயம் முடிஞ்சுது."

அவர் விளங்கப்படுத்தினது இப்படி. டொல்பினின் முன்பக்கத்தில் சுருள் ஸ்பிரிங் இல்லை. ஒவ்வொரு சில்லுக்கும் மேலொன்று கீழொன்றாக இரண்டு கைகள். வானின் அடியில் நீளமாகப் போகிற ஒரு உருக்குத் தண்டு முறுகித்தான் பாரத்தைத் தாங்குகிறது. இது தவிர இடது வலது சில்லுகளைக் குறுக்காக இணைக்கிற இன்னொரு தண்டு இருக்கிறது, ஸ்ரெபிலைசர் பார். வளைவில் வான் ஒரு பக்கம் சாயாமல் பிடிப்பது அது. இரண்டு சில்லும் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கினால் அந்தத் தண்டு சும்மா சேர்ந்து ஏறி இறங்கும், அதுக்கு வேலை இல்லை. ஒரு சில்லு ஏற மற்றது ஏறாவிட்டால்தான் அது முறுகும். அதன் நுனியைக் கையோடு இணைக்கிற சின்ன லிங்கில் இருக்கிற றப்பர்கள் போயிருந்தால் அப்பதான் அடிக்கும். நேராக ஏறினால் அமைதி, சரிவாக ஏறினால் சத்தம். பார்க்காமலே சொல்லக்கூடிய விசயம்.

ஆனால் அவர் பார்க்காமல் விடவில்லை. லிங்கில் விரலை வைத்துக்கொண்டு எங்களை வானைப் பக்கவாட்டில் ஆட்டச் சொன்னார். இரும்பில் சத்தம் ஓடும், அதனால் காதை நம்பினால் இடது பக்கத்தில் அடிப்பது வலது பக்கத்தில் கேட்கும். விரல் அப்படி ஏமாறாது, அடிக்கிற மூட்டிலேயே அடி தெரியும். எங்கட விரலையும் வைத்துப் பார்க்கச் சொன்னார். தெரிந்தது. பிறகு லிங்க் போல்ற்றுகள் இரண்டையும் கழற்றி அந்தத் தண்டைச் சும்மா தொங்காமல் கட்டிவிட்டு, "மெள்ளமா ஒழுங்கையைச் சுத்திக்கொண்டு வாங்கோ" என்றார். சுற்றி வந்தோம். திருப்பங்களில் வான் கொஞ்சம் சாய்ந்தது, ஆனால் இரண்டு மாசமாக வீட்டையே ஆட்டின "டொக்" இல்லை. போயிருந்தது உள்ளங்கைக்குள் அடங்குகிற றப்பர் வளையங்கள். சீட்டுக் காசில் போட்ட ஷொக்குகளோடு பார்த்தால் அதன் விலையைச் சொல்லவே வெட்கம்.

அப்பாவும் வந்திருந்தார். கோயில் கதையை இரண்டு பேரும் தொடவில்லை. "அப்ப சரி அண்ணை, றப்பரைப் போட்டு விடுங்கோவன், நாளைக்கு ஓட வேணும்" என்றார்.

"பொறு தம்பி. பிள்ளையள் இன்னொண்டும் எழுதியிருக்கிறாளவை."

ஜக் அடித்தார். பின் சில்லுகளுக்கு முன்னும் பின்னும் குத்தி, கைபிறேக், தூக்கினதுக்குக் கீழே இரும்புத் தாங்கி. ஜக்கை மட்டும் நம்பி ஒரு நாளும் கீழ போகக்கூடாது என்பதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொன்னார். இடது சில்லை மணிக்கூட்டில் 12, 6 இருக்கிற இடங்களில் பிடித்து ஆட்டினார். மெல்லிய ஒரு அசைவு. இது சில்லு பெயரிங்காகவும் இருக்கலாம், போல் ஜொயின்ற்றாகவும் இருக்கலாம். எங்களில் ஒருத்தியை ஏறிப் பிறேக்கை அமத்திப் பிடிக்கச் சொன்னார். பிறேக் பிடித்தால் சில்லும் அதைத் தாங்குகிற முட்டியும் ஒன்றாகிவிடும். அப்ப அசைவு நின்றால் பெயரிங், நிற்காவிட்டால் அதுக்கு அங்கால. நிற்கவில்லை. 3, 9 இல் பிடித்து ஆட்டினார், அதில் அசைவு இல்லை, ஆகவே ரை றொட் எண்ட் நல்லம். கடைசியாகச் சின்ன அலவாங்கு ஒன்றைக் கீழ்க் கைக்கும் முட்டிக்கும் இடையில் கொடுத்து நெம்பினார்.

"டிக்."

போல் ஜொயின்ற் என்பது எங்கட தோள்மூட்டு மாதிரி. ஒரு கிண்ணத்துக்குள் ஒரு குண்டு. சில்லு மேலும் கீழும் போகவும் திரும்பவும் விடுகிற மூட்டு. உள்ளே கிறீஸ், வெளியே ஒரு றப்பர் உறை. எங்கட இடது கீழ் ஜொயின்ற்றின் உறை கிழிந்திருந்தது. மாரி வெள்ளமும் வல்லைப் பக்கத்து உப்புக் காற்றும் மணலும் போய், கிறீஸ் இருந்த இடத்தில் கறள் சேறு மாதிரி ஒன்று. வான் நிற்கும்போது பாரம் குண்டைக் கிண்ணத்தில் அமத்திக்கொண்டு இருக்கும், அதனால் ஆட்டம் தெரியாது. சில்லைத் தூக்கினாலும் சில நேரம் முறுக்குத்தண்டின் இழுவை ஆட்டத்தை ஒளித்துவிடும், அதனால்தான் அலவாங்கு. பிறேக் பிடிக்கும்போது விசை திசை மாறுகிற அந்தக் கணத்தில் மட்டும் குண்டு கிண்ணத்துக்குள் நகர்ந்து "டிக்". அப்பாவின் கையில் தெரிந்த இடியும் அதுதான்.

லிங்க் றப்பர் முழுக்கப் போனாலும் வான் ஓடும். சத்தம் போட்டுக்கொண்டு, கொஞ்சம் சாய்ந்துகொண்டு ஓடும். போல் ஜொயின்ற் கழன்றால் சில்லு தன்ர பாட்டுக்கு மடிந்து வெளியே சரியும், வானின் அந்த மூலை வீதியில் இருக்கும், ஸ்ரியறிங்கைப் பிடித்து ஒன்றும் செய்ய ஏலாது. ஒரு அம்மா பயந்து பிள்ளையை எடுத்தது பெரிய சத்தத்துக்கு. மற்ற 13 வீடும் பயப்படாமல் விட்டது இந்த "டிக்"குக்கு. வருசா வருசம் புகைப் பரிசோதனைக்குப் போய்ச் சான்றிதழ் எடுத்துத்தான் வரிப்பத்திரம் எடுக்கிறோம். அது புகையைத்தான் பார்க்கும். சில்லைப் பிடித்து ஆட்டிப் பார்க்கிறதுக்கு அங்கே ஆள் இல்லை.

"வெள்ளிக்கிழமை மட்டும் ஓடுவம் அண்ணை. சனி கொண்டுவந்து விடுறன்" என்றார் அப்பா. அன்றைக்குச் செவ்வாய். மூன்று நாள் ஓடாவிட்டால் பிள்ளையளை அவரவர் வீட்டில் ஏற்ற வேறு வான் பிடிக்க வேணும், பிடித்த வான் பிடித்தபடியே போகலாம். 13 என்பது எத்தனையாகும் என்று அவர் மனசில் எண்ணினது முகத்தில் தெரிந்தது. மாமா ஓடாதே என்று சொல்லவில்லை. அலவாங்கை அப்பாவின் கையில் கொடுத்தார். அப்பா குனிந்து, அவர் நெம்பின அதே இடத்தில் நெம்பினார். காதுக்குக் கேட்டிருக்காது. இரண்டாம் தரமும் நெம்பினார். அலவாங்கைச் சுவரில் சாத்திவிட்டு, ஃபோனை எடுத்துக்கொண்டு பூவரசடிக்குப் போய் நின்று ஒவ்வொரு வீடாக எடுத்தார்.

சாமான் எடுப்பது தனிக் கதை. டொல்பினுக்குச் சாமான் இல்லாமல் போகாது. யாழ்ப்பாணத்தில் இல்லாவிட்டால் கொழும்பில் பஞ்சிகாவத்தையில் இருக்கும், பஸ்ஸில் போட்டுவிடுவார்கள். பிரச்சினை, ஒரே சாமான் மூன்று விலையில் இருப்பது. ஜப்பானில் கழற்றி வந்த பழசு, புதுசு, புதுசு மாதிரிப் பெட்டியில் வருவது. றப்பருக்கு மலிவானதை எடுக்கலாம், போனால் சத்தம்தான் போடும். போல் ஜொயின்ற்றில் பழசும் எடுக்கக்கூடாது, பெட்டியில் இருக்கிற எழுத்தை மட்டும் நம்பியும் எடுக்கக்கூடாது என்று மாமா சொன்னார். கடையில் உறையைக் கையால் மடக்கி, குண்டைத் திருப்பிப் பார்த்தோம். இறுக்கமாக, ஆனால் ஒரே சீராகத் திரும்ப வேணும். தளர்ந்து திரும்பினதை வேண்டாம் என்று வைத்தோம். கடைக்காரத் தம்பி, "அக்கா, ஆருக்கு எடுக்கிறியள்?" என்று கேட்டான். எங்களுக்கு என்றோம். அதுக்குப் பிறகு உள்ளே போய் வேறு பெட்டி கொண்டுவந்தான்.

இரண்டு பக்கமும் கீழ் ஜொயின்ற், இரண்டு பக்கமும் லிங்க் றப்பர். ஒரு பக்கம் போனால் மற்றப் பக்கமும் அதே வெள்ளத்தில் ஓடினதுதான். பொருத்தும்போது மாமா எங்களுக்குக் காட்டின ஒன்றை வேறு கராஜுகளில் கவனித்ததில்லை. கைகளின் றப்பர் புஷ் போல்ற்றுகளைத் தளர்த்தியிருந்தால் அதை அந்தரத்தில் வைத்து இறுக்கக்கூடாது. வானை இறக்கி, சில்லு நிலத்தில் பாரத்தோடு நிற்கும்போதுதான் கடைசி இறுக்கம். தொங்குகிற நிலையில் இறுக்கினால், இறக்கின உடனேயே றப்பர் முறுகினபடி நிற்கும், கொஞ்ச நாளில் கிழிந்துவிடும். பிறகு "போன மாசம்தானே போட்டது" என்று சாமானில் பிழை சொல்லுவோம். வெள்ளிக்கிழமை காலை சில்லுகளின் நேர் பார்க்க ரவுணுக்குப் போனது. முன்பக்கத்தில் மூட்டு மாற்றினால் அது பார்க்காமல் விட ஏலாது, ரயர் ஒரு பக்கம் தின்னத் தொடங்கிவிடும்.

திங்கள் விடிய நாங்கள் இரண்டு பேரும் வானில் ஏறிப் போனோம். பிள்ளையள் 11. இரண்டு வீடு அந்த மூன்று நாளில் பிடித்த வானோடேயே நின்றுவிட்டது. முதலில் போன அந்தப் பிள்ளையும் இன்னும் திரும்பி வரவில்லை. வேகத்தடையில் அப்பா வேணுமென்றே சரிவாக ஏறினார். சத்தம் இல்லை. பின் சீற்றில் ஒருத்தன், "அங்கிள், வான் பழுதாப் போட்டுதோ, சத்தத்தைக் காணேல்லை" என்றான். அப்பாவுக்கு அது கேட்டது.

காதுக்கு ஆஸ்பத்திரி கிளினிக்கில் ஒருக்கால் காட்டுவம் என்று இரண்டு தரம் கேட்டுப் பார்த்தாச்சு. "பாப்பம்" என்கிறார். அதுவரைக்கும் மாசத்தில் ஒருநாள் சில்லைத் தூக்கி 12, 6 பிடித்துப் பார்ப்பதும், உறைகள் கிழிந்திருக்கா என்று ரோர்ச் அடிப்பதும் எங்கட வேலை. கொப்பி வானின் டாஷ்போர்ட்டுக்குள் இருக்கிறது.

பின்பக்கத்தில் இன்னும் ஒரு "கிறீச்" இருக்கு. பின்னுக்குப் பிளேட் ஸ்பிரிங், அதைச் சசியோடு தொங்கவிடுகிற ஷக்கிள் புஷ் காய்ந்து போட்டுது. பிள்ளையள் நிறைய இருக்கேக்க வராது, இறங்கி வெறும் வானாகின பிறகுதான் வரும். அடுத்த விடுமுறை மட்டும் தாங்கும் எண்டு மாமா சொல்லியிருக்கிறார்.